கைப்பிசகாகக் கொன்றவனும் ஏன் ஓட வேண்டும்? அடைக்கலப்பட்டணம் பற்றி ஒரு கேள்வி

நாணல்:

வேதாகமத்தில் எண்ணாகமம் 35-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மூன்று தடவை வாசித்துவிட்டேன், ஒரு இடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வேண்டுமென்றே கொன்றவனுக்கு மரணம், அது புரிகிறது. கைப்பிசகாகக் கொன்றவன் ஆறு அடைக்கலப்பட்டணங்களில் ஒன்றுக்கு ஓடலாம், அங்கே அவனுக்குப் பாதுகாப்பு, அதுவும் சரி. ஆனால் சபை விசாரித்து, இவன் பகையாகச் செய்யவில்லை, தற்செயல்தான் என்று முடிவு சொன்ன பிறகும் அவன் வீட்டுக்குப் போக முடியாது. பிரதான ஆசாரியன் சாகும்வரை அந்தப் பட்டணத்திலேயே கிடக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் பழிவாங்குகிறவன் அவனை வெட்டிப் போடலாம், வெட்டியவன்மேல் இரத்தப்பழி இல்லை என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

குற்றம் இல்லை என்றால் எதற்கு இந்தச் சிறை? குற்றம் உண்டு என்றால் எதற்கு இந்தப் பாதுகாப்பு? இரண்டில் ஏதாவது ஒன்றாகத்தானே இருக்க வேண்டும். உபாகமம் 19-இல் காட்டுக்கு விறகு வெட்டப்போனவனின் கோடரி, காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன்மேல் படுகிறதே, அந்த மனிதன் என்ன தப்பு செய்தான்? இதை ஆழமாகப் படித்தவர்கள் யாராவது விளக்குங்கள். பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம், சட்டம் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும்.

பழைய ஏடு:

நல்ல இடத்தில்தான் தடுக்கியிருக்கிறீர்கள், நாணல். முதலில் இந்தச் சட்டம் எந்த மாதிரிச் சமூகத்தில் வந்து விழுந்தது என்று பாருங்கள். காவல் நிலையம் கிடையாது, அரசு வழக்கறிஞர் கிடையாது. ஒருவன் செத்தால் அவனுடைய நெருங்கிய இரத்த உறவினன் கொன்றவனைத் தேடிப் போவான். எபிரெயத்தில் அவனுக்கு ‘கோயேல் ஹத்தாம்’ என்று பெயர். இந்தக் கோயேல் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ் வேதாகமத்தில் அது வேறு வேறு சொற்களாகப் பிரிந்துபோய்விட்டதால் நமக்கு அந்த ஒற்றுமை தெரிவதில்லை. இங்கே ‘பழிவாங்குகிறவன்’, ரூத்தின் கதையில் போவாஸ் ‘சுதந்தரவாளி’, யோபு 19-இல் ‘மீட்பர்’, மூன்றும் ஒரே சொல்தான். குடும்பம் இழந்த நிலத்தை மீட்பவனும் அடிமையாகப் போன சகோதரனை மீட்பவனும் சிந்திய இரத்தத்துக்குக் கணக்குக் கேட்பவனும் ஒரே ஆள். அவன் அடியாளும் இல்லை, வெறியனும் இல்லை, கடமையைச் செய்கிறவன்.

பிரச்சினை என்னவென்றால், அண்ணனைப் பறிகொடுத்தவன் நின்று நிதானமாக ‘இது கைப்பிசகா, மனதறிந்த கொலையா’ என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். உபாகமமே இதைச் சொல்கிறது: மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவன் துரத்துவான், வழி தூரமாக இருந்தால் பிடித்துவிடுவான். அதனால்தான் தேசத்தை மூன்று பங்காகப் பிரித்து, வழியையும் உண்டாக்கச் சொல்கிறது. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எப்ரோன் என்று மூன்று, கிழக்கே பேசேர், ராமோத், கோலான் என்று மூன்று, வடக்கிலும் நடுவிலும் தெற்கிலுமாக எட்டுகிற தூரத்தில். தேசம் விரிந்தால் இன்னும் மூன்று சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. எல்லாமே, தேவ ஊழியம் செய்த கோத்திரமான லேவியருக்குக் கொடுத்த 48 பட்டணங்களில் சேர்ந்தவை. இஸ்ரவேலனுக்கு மட்டும் அல்ல, அவர்கள் நடுவில் குடியிருக்கும் அந்நியனுக்கும் இது திறந்திருந்தது.

ஓடி வந்தவன் நேரே உள்ளே போய் ஒளிந்துகொள்ள முடியாது. யோசுவா 20-இல் வருவதுபோல, பட்டண வாசலில் நின்று மூப்பர்கள் காதுபடத் தன் காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம்தான் சபை விசாரணை. எண்ணாகமத்தில் சபை அவனை அடைக்கலப்பட்டணத்துக்குத் ‘திரும்ப’ அனுப்ப வேண்டும் என்று வருகிறது, அப்படியானால் விசாரணை அந்தப் பட்டணத்துக்கு வெளியே நடந்திருக்கிறது, பெரும்பாலும் சம்பவம் நடந்த ஊர்ப்பக்கம். தப்பித்தவன் தன் கதையைத் தனக்குச் சாதகமான ஊரில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட முடியாது.

விசாரணையில் என்ன பார்த்தார்கள்? ஒருவன் மனதுக்குள் இருந்ததை யாரும் திறந்து பார்க்க முடியாதே. அதனால் வெளியே தெரிவதை வைத்துப் பார்த்தார்கள். கையில் என்ன இருந்தது, இரும்பா, ஆளைச் சாகடிக்கக்கூடிய கல்லா, மரத்தடியா. ஒளிந்திருந்து எறிந்தானா, காணாமல் எறிந்தானா. அதைவிட முக்கியமாக, இவர்களுக்குள் முன்பகை உண்டா. உபாகமம் இதற்கு ‘நேற்றும் முந்தாநாளும்’ என்கிற எபிரெயச் சொல்வழக்கைப் பயன்படுத்துகிறது, இதற்கு முன்னே இவனை அவன் பகைத்ததில்லை என்ற அர்த்தத்தில். பகை என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம், சாட்சி சொல்ல ஆள் இருக்கும். ஒரே சாட்சியை வைத்து யாருக்கும் மரணம் விதிக்கக்கூடாது என்ற விதியும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. முன்பகையோடு கொன்றவன் பட்டணத்துக்குள்ளே ஓடி ஒளிந்தாலும் அவனுடைய ஊர் மூப்பர்கள் ஆளனுப்பிப் பிடித்து வரவழைத்துப் பழிவாங்குகிறவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: அது தண்டனை இல்லை, பாதுகாப்புதான். பழிவாங்குகிறவனின் உரிமையை ஒரே நாளில் ஒழிக்க முடியாது, அதைச் சுற்றி ஒரு எல்லை போட்டார்கள்.

மருதம்:

பழைய ஏடு சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், கடைசி இரண்டு வரியைத் தவிர. வெறும் பாதுகாப்புதான் என்றால் எண்ணாகமம் 35-இன் 32-ஆம் வசனத்தை எங்கே வைப்பீர்கள்? அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடியவன் பணம் கட்டிவிட்டு முன்னதாக ஊர் திரும்பக்கூடாது என்று அங்கே தெளிவாகத் தடுத்திருக்கிறது. பாதுகாப்பு மட்டுமே நோக்கமாக இருந்தால், செத்தவனின் குடும்பம் சமாதானமாகி, ‘சரி, இவ்வளவு வெள்ளி கொடு, நாங்கள் விட்டுவிடுகிறோம்’ என்று சொன்னபின் அவன் வீட்டுக்குப் போவதில் என்ன தடை? ஆபத்துதான் நீங்கிவிட்டதே. ஆனாலும் போகக்கூடாது.

சுற்றியிருந்த சட்டங்களோடு ஒப்பிட்டால் இதன் விசித்திரம் தெரியும். பாபிலோனின் ஹம்முராபி சட்டத்தில், சண்டையில் அடித்தேன், வேண்டுமென்று அடிக்கவில்லை என்று ஒருவன் சத்தியம் செய்தால், அடிபட்டவன் செத்திருந்தாலும் அரை மினா வெள்ளியோடு முடிந்தது. செத்தவன் கீழ்த்தட்டு ஆளாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மினா. ஏதென்ஸில் கி.மு. 621 வாக்கில் வந்த டிராக்கோவின் சட்டம் முன்யோசனையில்லாமல் கொன்றவனை நாடு கடத்தியது, ஆனால் செத்தவனின் உறவினர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மன்னித்துத் திரும்பக் கூப்பிடலாம். அதாவது அங்கே முடிவு குடும்பத்தின் கையில். இங்கே குடும்பத்தின் கையிலும் இல்லை, பணத்தின் கையிலும் இல்லை.

ஏன் என்று அதிகாரமே கடைசியில் சொல்கிறது. சிந்தின இரத்தம் தேசத்தைத் தீட்டுப்படுத்தும். உபாகமம் 21-ஐயும் சேர்த்துப் படியுங்கள். வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளந்து, கிட்டத்தில் உள்ள ஊர் மூப்பர்கள் ஒரு கிடாரியை நீரோடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கழுத்தை முறித்து, கைகழுவி, எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அப்படியிருந்தும் ஒரு உயிர் போனதற்கு யாரோ ஒருவர் வந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பார்வையில், கொன்றவனுக்கு நோக்கம் இல்லை என்பதால் செத்தவன் சாகாமல் போய்விடவில்லை. கொலைகாரனுக்கும் கைப்பிசகாகக் கொன்றவனுக்கும் நடுவில் சட்டம் பெரிய சுவர் கட்டியது உண்மை, ஒருவனுக்கு மரணம், இன்னொருவனுக்கு உயிர். ஆனால் எபிரெய மூலம் இருவரையுமே ‘ரோட்சேயாக்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. ‘கொலைபாதகன்’, ‘கொலைசெய்தவன்’ என்று தமிழில்தான் பிரிந்து நிற்கிறது.

அந்த இரத்தத்துக்கு ஈடாக ஒரு உயிர் போக வேண்டும், அது கைப்பிசகாகக் கொன்றவனின் உயிராக இருக்கக்கூடாது. அங்கேதான் பிரதான ஆசாரியனின் மரணம் வருகிறது என்று நினைக்கிறேன். ஜனங்கள் எல்லோருக்காகவும் நின்றவன் சாகும்போது இந்தக் கணக்கும் தீர்கிறது. காரணத்தை வசனம் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

நாணல்:

இரண்டு பேருக்கும் நன்றி, பணம் வாங்கிக்கொண்டு விடக்கூடாது என்ற வசனத்தை நான் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். இன்னொரு கேள்வி. கைப்பிசகு என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் போதுமா? கோடரி கழன்றவனும், அது ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தும் வெட்டியவனும் ஒன்றா? எந்தக் கவனமும் காப்பாற்றியிருக்க முடியாத சாவும் உண்டே, அதற்கும் இதே கதிதானா?

கல்தூண்:

இந்தக் கேள்வியை ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், பிய்த்துப் பிய்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னாவில் ‘மக்கோத்’ என்ற பகுதி, அதன் இரண்டாம் அதிகாரம் முழுக்க இதுதான்.

அதற்கு முன், வேதாகமத்திலேயே அலட்சியத்துக்குத் தனி இடம் உண்டு. யாத்திராகமம் 21-இல் முட்டுகிற மாடு. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்த மாடு ஏற்கெனவே முட்டுகிற மாடு, சொந்தக்காரனுக்குச் சொல்லியும் அவன் கட்டிவைக்கவில்லை என்றால் அவனும் சாக வேண்டியவன். இங்கே மட்டும் உயிருக்கு ஈடாகப் பணம் கட்ட வழி விட்டிருக்கிறது. அப்புறம் உபாகமம் 22: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடிக்கு. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. சாவு நடந்தபின் யார் மனதில் என்ன இருந்தது என்று துருவுவதற்கு முன்னாடியே, விழாமல் இருக்கச் சுவர் கட்டச் சொல்கிறது.

சரி, மிஷ்னா. கூரையில் உருளை உருட்டிக்கொண்டிருக்கிறான், அது நழுவி விழுந்து ஒருவன் சாகிறான். ஜாடியைக் கயிற்றில் இறக்குகிறான், விழுகிறது. ஏணியில் இறங்கும்போது தவறி ஒருவன்மேல் விழுகிறான். இவர்கள் எல்லோரும் அடைக்கலப்பட்டணத்துக்குப் போக வேண்டும். அதே உருளையைத் தன் பக்கம் இழுக்கும்போது, ஜாடியை மேலே ஏற்றும்போது, ஏணியில் ஏறும்போது விழுந்தால் போக வேண்டாம். கீழ்நோக்கிய அசைவு என்றால் உண்டு, மேல்நோக்கிய அசைவு என்றால் இல்லை. வசனத்தில் ‘விழப்பண்ணி’ என்று வரும் சொல்லிலிருந்து இதை எடுக்கிறார்கள். முதலில் வாசித்தபோது எனக்கு இது வெறும் சொல்விளையாட்டாகத் தெரிந்தது, பிறகுதான் புரிந்தது: இறக்குகிற பொருள் விழும் என்று எவனுக்கும் தெரியும், அதனால் இறக்குகிறவன் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டும்.

உங்கள் கோடரிக்கே தனி விவாதம் இருக்கிறது. இரும்பு காம்பிலிருந்து கழன்று கொன்றால் போக வேண்டாம், வெட்டின மரத்திலிருந்து சிதறிய துண்டு கொன்றால் போக வேண்டும் என்பது ரபி யெகூதா ஹநாசியின் கட்சி. மற்ற அறிஞர்கள் நேர் எதிராகச் சொல்கிறார்கள்.

பிற்காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதையெல்லாம் சேர்த்து மூன்றாகப் பிரித்தார். சாதாரணக் கைப்பிசகு, அதற்கு அடைக்கலப்பட்டணம். வேண்டுமென்றே செய்ததற்குப் பக்கத்தில் போகும் அலட்சியம், அந்த ஆளை அடைக்கலப்பட்டணம் காப்பாற்றாது, அவன் செய்ததற்கு அது போதாது. மூன்றாவது, யாரும் எதிர்பார்க்க முடியாத அபூர்வமான விபத்து. அவன் எங்கும் போக வேண்டாம், அவனைப் பழிவாங்குகிறவன் கொன்றால் கொன்றவனே கொலைகாரன். ஆக, எந்தக் கவனமும் காப்பாற்றியிருக்க முடியாத சாவுக்கு அவன் ஓட வேண்டியதில்லை, நாணல்.

பழைய ஏடு:

மருதம், பணத்தின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ‘தண்டனை இல்லை’ என்று நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒரு கதையை மட்டும் சேர்க்கிறேன், இந்தச் சட்டம் இரத்தமும் சதையுமாக எப்படி மீறப்பட்டது என்று தெரிவதற்காக.

சவுலின் படைத்தலைவனாயிருந்த அப்னேரை, தாவீதின் படைத்தலைவன் யோவாபின் தம்பி ஆசகேல் போரில் துரத்துகிறான். அப்னேர் இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறான், என்னை விட்டுப் போ, உன்னை வெட்டிவிட்டு உன் அண்ணன் யோவாபின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று. ஆசகேல் கேட்கவில்லை, அப்னேர் ஈட்டியின் பின்முனையால் குத்துகிறான், அவன் சாகிறான். பிறகு தாவீதோடு சமாதானம் ஆகிப் போகும் அப்னேரை யோவாப் திரும்ப வரவழைத்து, இரகசியம் பேசுகிறவன்போல வாசலுக்குள் ஒருபக்கமாய்க் கூட்டிக்கொண்டு போய், வயிற்றில் குத்திக் கொல்கிறான். எந்த வாசல்? எப்ரோனின் வாசல். யோசுவா 20-இன் பட்டியலில் உள்ள அடைக்கலப்பட்டணம். ஓடிவந்தவன் மூப்பர்களிடம் தன் காரியத்தைச் சொல்லி நிற்க வேண்டிய அதே மாதிரி இடம். அப்னேர் அங்கே அடைக்கலம் கேட்டு வந்தான் என்று 2 சாமுவேல் சொல்லவில்லை, ஆனாலும் அந்த ஊரைத் தெரிந்தவர்கள் வாசித்தால் வயிறு கலங்கும். தாவீது சாகும்போது இதை மறக்கவில்லை, சமாதான காலத்தில் யுத்த இரத்தத்தைச் சிந்தினான் என்று சாலொமோனிடம் சொல்கிறான். கடைசியில் யோவாப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டான், அதுவும் காப்பாற்றவில்லை. சூதாகக் கொன்றவனை என் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக் கொண்டுபோ என்று யாத்திராகமம் 21-இல் இருக்கிறதே, அவன் வெளியே வர மறுத்ததால் அங்கேயே வெட்டுண்டான்.

நாணல்:

இப்போது சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று. பல வருடங்களுக்கு முன் என் அப்பா ஓட்டிய வண்டியில் ஒரு சிறுவன் இறந்தான். இரவு, மழை, குறுக்கே ஓடி வந்தான். வழக்கு நடந்து, அவர்மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது. வீட்டில் எல்லோரும் ‘அதுதான் முடிந்துவிட்டதே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் அதன்பின் வண்டியைத் தொடவில்லை, ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. குற்றமில்லை என்று சொல்லச் சொல்ல அவர் இன்னும் ஒடுங்கிப்போனார். மைமோனிடிஸின் கணக்கில் அவர் மூன்றாம் வகையாக இருக்கலாம். ஆனால் போவதற்கு ஒரு பட்டணமும், இத்தனை காலம் இருந்தால் போதும் என்று ஒரு முடிவும் யாராவது அவருக்குக் கொடுத்திருந்தால் அதை அவர் வாங்கிக்கொண்டிருப்பார் என்று மருதம் எழுதியதை வாசித்தபோது தோன்றியது. சிறை என்று எழுதியிருந்தேன், அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன்.

மருதம்:

நாணல், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. அப்பாவுக்கு என் அன்பு. அந்தச் சிறுவனின் வீட்டாரையும் நினைத்துக்கொள்கிறேன்.

கல்தூண்:

நாணல், அந்தப் பட்டணத்தில் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று ரபிகள் யோசித்த சில இடங்களைச் சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்றால் காட்டுங்கள். வழி தெரியாமல் தவிக்கக்கூடாது என்று சந்திகளில் ‘அடைக்கலம்’ என்று எழுதி வைத்திருந்ததாக, மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் தல்மூதில் வருகிறது. வழியில் பழிவாங்குகிறவன் வந்தால் பேசி நிறுத்துவதற்கு இரண்டு அறிஞர்களைக் கூட அனுப்பினார்கள். மாணவன் ஒருவன் போக வேண்டியிருந்தால் அவனுடைய ஆசிரியரும் கூடவே போக வேண்டும், படிப்பில்லாமல் அவன் வாழக்கூடாது என்பதற்காக. பிரதான ஆசாரியர்களின் தாய்மார் அங்கே இருந்தவர்களுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்தனுப்புவார்களாம், தங்கள் பிள்ளைகள் சாக வேண்டும் என்று அவர்கள் ஜெபிக்காதபடிக்கு.

மிஷ்னாவின் அதே இரண்டாம் அதிகாரத்தின் எட்டாவது பகுதியில் ஒன்று இருக்கிறது. கைப்பிசகாகக் கொன்று ஓடி வந்த ஒருவனுக்கு அந்தப் பட்டணத்தார் மரியாதை செய்ய விரும்பினால், அவன் முதலில் ‘நான் கொன்றவன்’ என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ‘இருந்தாலும் பரவாயில்லை’ என்று அவர்கள் சொன்னால், அவன் அதை வாங்கிக்கொள்ளலாம்.